மேக்கணக்கு குரூப்

ஹல்துமுல்லையில் பஸ் நின்றதும் விதுஷா இறங்கினாள். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் சித்தி சுற்றிக் கொடுத்த ரொட்டி. பண்டாரவளையில் சித்தி வீட்டில் ஒரு மாசத்துக்கு மேல் இருந்தாயிற்று. இன்னும் இருந்தால் சித்தியின் மாமியார் வாய்விட்டே சொல்லிவிடுவாள். அதற்கு முன் கிளம்பிவிட்டாள். பெருங்கல் தோட்டம் என்றதும் ஆட்டோக்காரன் கையை விரித்தான். ரோடு பாதி இல்லை என்றான். மிச்சப் பாதியில் நடந்தாள்.

தோட்டம் தோட்டமாகத்தான் இருந்தது. பெக்டரி புகைந்தது. கீழே பொம்பிளைகள் நெற்றியில் சாக்குக் கயிறு மாட்டிக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். மேலே மட்டும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் இருந்த இடத்தில், மலையின் தோலை உரித்தது மாதிரி ஒரு சிவப்பு. அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

தோட்டத்தில் ஒவ்வொரு பிரிவையும் கணக்கு என்பார்கள். மேலே இருப்பது மேக்கணக்கு, கீழே இருப்பது கீழ்க்கணக்கு. மேக்கணக்கு லயத்தில்தான் விதுஷாவும் அவள் அம்மா இராக்கம்மாவும் இருந்தார்கள். அன்றைக்கு விடாத மழை. காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடுகிற பெரட்டு நடக்கவில்லை. வேலை இல்லாததால் மேக்கணக்குச் சனம் லயத்துக்குள்ளேயே முடங்கிக் கிடந்தது. மாசக் கடைசி வேலை என்று, தோட்ட ஆபீசில் வேலை பார்த்த விதுஷா மட்டும் ஆபீசுக்கு வந்திருந்தாள். டீ குடிக்கிற நேரத்தில் மலை சரிந்து லயத்தின் மேல் இறங்கியது.

பட்டாளம் வந்தது. பெக்கோ இயந்திரம் வந்து மண்ணைத் தோண்டியது. சிலர் சவமாகக் கிடைத்தார்கள். மலை மறுபடி அசைகிறது என்று தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள். இராக்கம்மா கிடைக்கவில்லை.

விதுஷா அழவில்லை. இன்றைக்கு அழுவாள், நாளைக்கு அழுவாள் என்று எல்லாரும் பார்த்திருந்தார்கள். வரவில்லை. மரத்துப்போன கால் மாதிரி அது ஒரு பக்கம் கிடந்தது.

ஆபீஸ் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். தகரக் கூரை, பலகைத் தரை, ஈரக் காகித வாடை. பெரிய கிளாக்கர் புவனேந்திரன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"வா புள்ள. சாப்பிட்டியா?"

"ரொட்டி இருக்குங்க ஐயா."

"ஒரு சங்கதி. வந்த அன்னைக்கே சொல்றேனேன்னு நெனைக்காத. கொழும்புல இருந்து போன் மேல போன். மேக்கணக்கு ஆளுக பேர செக்ரோல்ல இருந்து எடுத்துறச் சொல்றாங்க. கெடைச்சவுங்க, கெடைக்காதவுங்க, எல்லாத்தையும்."

"கெடைக்காதவுங்கள எப்படிங்க எடுக்கிறது?"

"பட்டன அமுக்கித்தான். வேற எப்படி?" என்றார். சொன்ன பிறகு அவருக்கே வாய் கசந்திருக்க வேண்டும். எழுந்து போய் அவளுக்கு அவரே டீ ஊற்றிக்கொண்டு வந்தார். இருபது வருஷ உத்தியோகத்தில் அவர் யாருக்கும் டீ ஊற்றியதில்லை.

கம்ப்யூட்டரை அவள்தான் பழக்கி வைத்திருந்தாள். வேலைக்கு வந்தவர்களைப் பதிகிற செக்ரோலில் தினமும் அத்தனை பேரையும் முழுசாக அடித்தால் விரல் கழன்றுவிடும் என்று பதுளையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் றில்வான் ஒரு மேக்ரோ புரோகிராமைப் போட்டுக் கொடுத்திருந்தான். ஓர் ஆளுக்கு ஒரு சுருக்கு. இரண்டெழுத்தைத் தட்டினால் ஆளின் பேர், கணக்கு, செய்கிற வேலை, வேலைக்கு வந்தார் என்பது வரை தானே அடித்துக்கொள்ளும். ஆரம்பத்தில் எல்லாச் சுருக்கையும் ஒரே குவியலாகப் போட்டு வைத்ததில் ஒருநாள் தலைமை ஆபீசுக்குப் போன கடிதத்தில் 'விஜயம்' என்று அடிக்கப் போய், 'விஜயலெட்சுமி, கீழ்க்கணக்கு, கொழுந்து, வேலைக்கு வந்தார்' என்று விழுந்து தொலைத்தது. மனேஜர் துரை கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டார்.

"விஜயலெட்சுமிய கொழும்புக்கே அனுப்பிட்டியே புள்ள, பஸ் காசு யாரு குடுத்தா?" என்று புவனேந்திரன் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் சிரித்தார்.

அதற்குப் பிறகுதான் அவள் சுருக்குகளைக் குரூப்பாகப் பிரித்தாள். மேக்கணக்கு ஒரு குரூப், கீழ்க்கணக்கு ஒரு குரூப், பெக்டரி ஒரு குரூப். ஒவ்வொரு குரூப்புக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அதில் சரி அடையாளம் இருந்தால் குரூப் வேலை செய்யும், எடுத்துவிட்டால் சும்மா கிடக்கும். அதற்கு மேலே ஒரு கட்டளையும் போட்டிருந்தாள். செக்ரோல் ஜன்னல் திறந்திருக்கும்போது மட்டும் குரூப்புகள் எழும்ப வேண்டும். கடிதம் அடிக்கும்போது ஒன்றும் மூச்சு விடக்கூடாது.

மேக்கணக்கு குரூப்பில் அவள் அம்மாவும் இருந்தாள். மற்றவர்களுக்குப் பேரின் முதல் எழுத்துகள்தான் சுருக்கு. அம்மாவுக்கு மட்டும் 'அம்மா'.

அன்றைக்கு மத்தியானம் அவள் அந்தக் குரூப்பைத் திறந்தாள். பேர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாகப் பிடித்து அழிக்க வேண்டும். கை போகவில்லை. குரூப்புக்குப் பக்கத்தில் இருந்த சரி அடையாளத்தை மட்டும் எடுத்துவிட்டாள்.

அழிக்கவில்லை. ஓஃப் பண்ணினாள். பெரிய கிளாக்கரிடம் எடுத்தாயிற்று என்று சொன்னாள்.

பிறகு கடிதத்தை எடுத்தாள். கிடைக்காதவர்களை மறுபடி தோண்டிப் பார்க்கச் சொல்லி மேலிடத்துக்கு ஒரு விண்ணப்பம். பள்ளிக்கூடத்தில் தங்க வைக்கப்பட்ட சனம் அவள் வருமுன்னே போனில் அவளைத்தான் எழுதச் சொல்லியிருந்தது. மூடுபனி ஆபீஸ் வாசல் வரை வந்து நின்றது. விளக்கைப் போட்டாள். 'எனது அம்மா' என்று அடித்தாள்.

எழுத்துகள் தானாக ஓடின.

'எனது இராக்கம்மா, மேக்கணக்கு, கொழுந்து, வேலைக்கு வந்தார்.'

விதுஷா விசைப்பலகையில் இருந்து கையை எடுத்தாள்.

செக்ரோல் ஜன்னல் திறந்திருக்கவில்லை. குரூப்பைப் போய்ப் பார்த்தாள். கட்டத்தில் சரி அடையாளம் இருந்தது. எடுத்துவிட்டு, அந்த வரியை அழித்து, மறுபடி அடித்தாள். மறுபடியும் வந்தார்.

இந்தத் தடவை அது அம்மாவோடு நிற்கவில்லை. அவள் எதையும் தொடாமலே அடுத்த வரி விழுந்தது. ராசம்மா, மேக்கணக்கு, கொழுந்து, வேலைக்கு வந்தார். அதற்கடுத்தும் ஒரு பேர். அதற்கடுத்தும். அவசரமே இல்லாமல், பெரட்டில் ஒருத்தர் பின்னால் ஒருத்தர் வந்து நிற்கிற மாதிரி.

வாசல் பக்கமிருந்து ஈர மண் வாடை வந்தது.

றில்வானுக்குப் போன் போட்டாள்.

"தங்கச்சி, அது ஒண்ணுமில்ல," என்றான் அவன். கடைக்குள் யாரோடோ விலை பேசுகிற சத்தம் கேட்டது. "நீங்க ஓஃப்தானே பண்ணினீங்க? ஓஃப் பண்ணினா அது போயிராது. சும்மா படுத்துக் கெடக்கும். எங்கயாச்சும் ஒரு கட்டளை மாட்டியிருந்தா எழும்பி வரும். வேணாமெண்டா அழிச்சுப் போடுங்களே."

"ஓஃப் பண்ணிட்டு எங்கயும் போகாமப் பார்த்துக்கிட்டே இருந்தேன். திரும்பவும் சரி விழுந்திருக்கு."

"நீங்க கை தவறித் தட்டியிருப்பீங்க."

"தட்டல."

ஒரு மாசத்துக்கு முன் அந்த மலையில் நடந்தது அவனுக்கும் தெரியும். "அழிச்சுப் போடுங்க தங்கச்சி," என்றான், குரலைத் தணித்து. "வெச்சிருக்காதீங்க."

மறுநாள் காலை கீழ்க்கணக்குப் பெரட்டு முடிந்ததும் வீரசிங்கம் கங்காணி ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. காலில் முழங்கால் வரை சேறு.

"ஐயா, மேக்கணக்கு மலைக்கு ஆள் அனுப்பினீங்களா?"

புவனேந்திரன் நிமிர்ந்தார். "பைத்தியமா ஒனக்கு? கயித்தக் கட்டி, போகக்கூடாதுன்னு போர்டும் போட்டிருக்கு."

"பறிச்சிருக்குங்க."

"என்னாது?"

"ஒரு மாசமா கை படாத மலை. இடுப்புக்கு மேல காடா வளந்து கெடக்கணும். பாய் விரிச்சாப்புல பறிச்சிருக்கு. நேத்துப் பறிச்ச காம்பு, இன்னும் கறுக்கல." காலில் இருந்த சேற்றைப் படியில் தேய்த்தார். "நிறுவைக் கொட்டில்ல சாக்குக வேற கெடக்கு. யாரு வெச்சதுன்னு தெரியல. கொழுந்து பாதி, சேறு பாதி. பெக்டரிக்காரன் வேணாம்னு தள்ளிட்டான்."

"களவாணிப் பயலுக பறிச்சிருப்பானுக."

"களவாணி சாக்க நம்ம கொட்டில்லயா ஐயா கொண்டாந்து வெப்பான்?"

பெரிய கிளாக்கர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு காகிதத்தைப் பார்த்தார். வெகுநேரம் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

மத்தியானம் விதுஷா மேலே ஏறினாள். வீரசிங்கம் வேண்டாம் என்றார். பிறகு அவரும் கூடவே வந்தார். பனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் வெள்ளைச் சுவர் மாதிரி நின்றது. கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருவரும் நின்றார்கள். குருவிச் சத்தம்கூட இல்லை.

பிறகு கேட்டது.

சடக். சடக். சடக்.

தளிரை நகத்தால் கிள்ளி ஒடிக்கிற சத்தம். பிறந்ததிலிருந்து அவள் கேட்ட சத்தம். ஒரு கை இல்லை, பல கைகள்.

பனி ஒருதரம் விலகியது. நிரை நிரையாக முதுகுகள் தெரிந்தன. நெற்றியில் கயிறு, முதுகில் சாக்கு, இடுப்பில் நனையாமல் சுற்றிய படங்குத் துணி. எல்லாம் ஒரே நிறம், மலையின் உள்நிறம். தலை குனிந்திருந்தது. கைகள் மட்டும் செடியின் மேல் ஓடின. சிலருக்குக் கை வளைந்த விதம் சரியில்லை. ஒடிந்த கையோடும் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

ஓரத்து நிரையில் ஒரு முதுகு. இடது தோளைக் கொஞ்சம் தூக்கிப் பறிக்கிற முதுகு.

"அம்மா," என்றாள் விதுஷா.

கை நிற்கவில்லை.

"அம்மா. நான்தான்."

தோள் ஒருதரம் அசைந்தது. திரும்பப் பார்த்தது போலவும் இருந்தது. பிறகு கை அடுத்த செடிக்குப் போய்விட்டது.

வீரசிங்கம் அவள் முழங்கையைப் பிடித்தார். காதுக்குள் பேசினார். "கூப்புடாத புள்ள. செக்ரோல்ல பேர் விழுந்தா ஆளு வேலைக்கு வந்துதான் ஆகணும். காய்ச்சல்னு சொன்னாக்கூட நானே லயத்துக் கதவைத் தட்டி எழுப்பி இழுத்துட்டு வந்திருக்கேன். ஒங்கம்மாவையும் இழுத்துட்டு வந்திருக்கேன்." முழங்கையை இன்னும் இறுக்கினார். "இப்ப யாரு எழுப்புறது? நீயா?"

அவள் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தாள்.

"செத்தும் வேலையா புள்ள? விட்டுரு."

பனி மூடிக்கொண்டது. சத்தம் மட்டும் நின்றபாடில்லை.

இறங்கி வந்து கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தாள். மேக்கணக்கு குரூப்பைத் திறந்தாள். ராசம்மாவைப் பிடித்தாள். அழிக்கவா என்று கேட்டது. அமுக்கினாள். அடுத்தவள். அடுத்தவள். ஒவ்வொரு பேருக்கும் ஒரு வீடு ஞாபகம் வந்தது, வாசலில் நின்ற வாளி, கம்பியில் காய்ந்த பாவாடை. ஞாபகம் வந்ததே தவிர வேறொன்றும் வரவில்லை. தேங்காய் உரிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

குரூப்பில் ஒரே ஒரு பேர் மிஞ்சியது.

அழிக்கவா என்று கேட்டது.

அழித்துவிட்டால் பிறகு இந்தத் தோட்டத்தில் எங்கேயும் அம்மா இல்லை. சவமும் இல்லை, குழியும் இல்லை, பேரும் இல்லை. மலையில் ஒரு முதுகாவது இருக்கிறது. தூரத்தில் இருந்தாவது பார்க்கலாம். வேண்டாம் என்பதை அமுக்கினாள். சரி அடையாளத்தை மட்டும் எடுத்துவிட்டு, சுவரில் இருந்து கம்ப்யூட்டரின் பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுத்தாள்.

காலையில் வீரசிங்கம் வாசலில் நிற்கவில்லை. உள்ளேயே வந்துவிட்டார்.

"யார எடுத்த, யார வெச்ச?"

"ஏன் மாமா?"

"வந்து பாரு."

நிறுவைக் கொட்டிலில் சாக்குகள் முன்னைவிட அதிகமாகக் கிடந்தன. எல்லாவற்றின் வாயும் ஒரே மாதிரி கட்டியிருந்தது. கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகுகிற கட்டு. வீட்டில் சீனிப் பையைக்கூட அவள் அம்மா அப்படித்தான் கட்டுவாள்.

"ஆள் கொறைஞ்சா மத்த நிரையையும் சேத்துப் பறிக்கணும்," என்றார் வீரசிங்கம். அவளைப் பார்க்காமல், சாக்கைப் பார்த்துச் சொன்னார். "தோட்டத்துச் சட்டம் அதானே. அத்தன பேரையும் அனுப்பிட்டு அவள மட்டும் வெச்சிருக்க. மொத்த மலையையும் ஒத்தையா பறிச்சிருக்கா."

ஒரு சாக்கைப் பிரித்தார். கொழுந்துக்கு நடுவில் என்னவோ வெள்ளையாகக் கிடந்தது. விதுஷா குனிந்து பார்த்தாள்.

நகம்.

கழன்று விழுந்த நகங்கள்.

அவள் ஓடவில்லை. நடந்துதான் ஆபீசுக்குப் போனாள். பிடுங்கிய பிளக் பிடுங்கியபடிதான் கிடந்தது. திரை எரிந்துகொண்டிருந்தது. செக்ரோல் ஜன்னல் திறந்திருந்தது. அதில் ஒரே பேர், ஒன்றன் கீழ் ஒன்றாக, பக்கம் பக்கமாக ஏறிக்கொண்டிருந்தது. இராக்கம்மா வேலைக்கு வந்தார். இராக்கம்மா வேலைக்கு வந்தார். இராக்கம்மா வேலைக்கு வந்தார்.

புவனேந்திரன் தன் நாற்காலியில் இருந்தார். அவருக்கும் தெரிந்திருந்தது. "நான் அமுக்கட்டுமா புள்ள?" என்றார் மெதுவாக. "ஒன் கையால வேணாம்."

"எங்கம்மாங்க ஐயா. நானே."

பேரைப் பிடித்தாள். அழிக்கவா என்று கேட்டது. அமுக்கினாள். பிறகு குரூப்பையும் பிடித்து அழித்தாள்.

ஓடிய வரி பாதியில் நின்றது. திரை அணைந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. கூரையில் பனித்துளி சொட்டிற்று.

"அவ்வளவுதான்," என்றார் புவனேந்திரன். "போயிட்டாங்க. போகட்டும்."

அவளுக்கு அழுகை வரும் என்று அவரும் பார்த்திருந்தார். அவள் எழுந்து வெளியே போனாள்.

கயிற்றைத் தாண்டி மேக்கணக்கு மலைக்குள் இறங்கினாள். கூட யாரும் வரவில்லை. சத்தம் இல்லை. மலை முழுக்கப் பறித்தபடி சமமாகக் கிடந்தது. ஓரத்து நிரை மட்டும் நடுவில் நின்றுபோயிருந்தது. நின்ற இடத்துச் செடியில் ஒரு தளிர் ஒடிந்தும் ஒடியாமலும் தொங்கியது. ஒடிந்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது. செடிக்குக் கீழே கயிறு மாட்டிய சாக்கு ஒன்று, கழற்றி வைத்த மாதிரி கிடந்தது.

பாதி நிரையை விட்டுவிட்டு எந்தப் பொம்பிளையும் வீட்டுக்குப் போக மாட்டாள். கங்காணி விட மாட்டார். அவளுக்கும் தூக்கம் வராது.

விதுஷாவின் கையில் ஒருநாளும் கொழுந்துக் கறை படிந்ததில்லை. இராக்கம்மா படிய விட்டதில்லை. "என் கையோட போகட்டும் இந்தக் கருமம், நீ கதிரையில ஒக்காரு" என்பாள். விதுஷா சாக்கை எடுத்தாள். கயிறு குளிர்ந்திருந்தது. நெற்றியில் மாட்டினாள். இந்தப் பாதி நிரையை முடித்துக் கொடுத்துவிட்டால் பாக்கி என்று ஒன்றும் இருக்காது. அம்மா படுத்துக்கொள்ளலாம்.

தொங்கிய தளிரை ஒடித்து முதுகுக்குப் பின்னால் போட்டாள். அடுத்தது. அடுத்தது. கை ஓடவில்லை. விரல் நுனி பிளந்தது. பனி ஏறி வந்து அவளைச் சுற்றிக்கொண்டது. நாலைந்து செடி கடப்பதற்குள் தோள் இறங்கிப்போய், கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள்.

சடக்.

அவள் கை சும்மாதான் தொங்கியது.

சடக். சடக்.

பக்கத்து நிரையில் இருந்து வந்தது. பறித்து முடித்த நிரையில் இருந்து.

கொழுந்து மலையில் ஒரு வழக்கம் உண்டு. கை ஓடாத புதுப் பிள்ளை நின்றுவிட்டால், பக்கத்து நிரைக்காரி தன் பிடியில் ஒன்றை அவள் சாக்கில் போட்டுவிட்டுப் போவாள். அன்றைய அளவு அவளுக்குக் குறையக்கூடாது என்றுதான். போடுகிறவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். வாங்கிக்கொள்கிறவள் திரும்பிப் பார்க்கக்கூடாது.

விதுஷா திரும்பிப் பார்க்கவில்லை.

முதுகுச் சாக்கில் ஒரு பிடி விழுந்தது.

ஈரமாக, மெத்தென்று.

கொஞ்ச நேரம் கழித்து, நிரையே இல்லாத மறுபக்கத்தில் இருந்தும் ஒரு பிடி விழுந்தது. பிறகு பின்னால் இருந்து. பிறகு இரண்டு பக்கமும். சாக்கு கனத்து, கயிறு நெற்றியைப் பின்னுக்கு இழுத்தது. கீழே எங்கேயோ வீரசிங்கம் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். நெருங்கி வராமல், கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றே கூப்பிட்டார்.

அவள் பதில் குரல் கொடுக்கவில்லை. இடது தோளைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு அடுத்த செடிக்குக் கையை நீட்டினாள்.